தோட்டா சிக்கியது, குற்றம் நீங்கியதா?

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவு. மேற்கே மலைத்தொடர் உடன் வர, பேருந்து அரை மணி நேரத்திற்குள் கடந்துவிடும் வழி அது. அவ்வழியின் ஒரு முனையில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11-ஆம் அணி தங்கியிருக்கிறது. மறுமுனையில் விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அமைந்திருக்கிறது. ஓரிடத்தில் துப்பாக்கிகள் துடைக்கப்பட்டு, எண்ணெய் இடப்பட்டு, எண்ணி அடுக்கப்படுகின்றன. மற்றோரிடத்தில் மனிதர் செய்தவையும் செய்ய முனைந்தவையும் எடைபோடப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் அருகிலேயே, சத்திரப்பட்டியில், காயத்தைக் கட்டும் துணி நெய்யப்படுகிறது. மனித வாழ்வின் மூன்று நிலைகளும் இங்கே அண்டை வீட்டாராய் வாழ்வதை நாம் நாள்தோறும் கண்டும் காணாமல் கடந்து செல்கிறோம்.

அண்மையில் அவ்வழியே சென்ற பேருந்தொன்றில் நம் அருகே ஒரு பெரியவர் வந்து அமர்ந்தார். காவல் துறையில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ‘ஆர்மரர்’ பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் ஒரு மஞ்சள் பை. அதனுள் நீதிமன்றத்துக்கு உரிய தாள்கள். பேச்சு மெல்ல அவர் தொழிலின் பக்கம் திரும்பியது. “உங்கள் கைக்கு அடிக்கடி வந்த பழுது எது ஐயா?” என்று கேட்டோம்.

“தோட்டா சிக்குறதுதான் தம்பி. துப்பாக்கி உடைஞ்சு வர்றது அபூர்வம். அடுத்த தோட்டா சரியா ஏறாம பாதியில நின்னுரும். அதுதான் வரும்” என்றார் அவர்.

தொடர்ந்து அவர் விளக்கியது ஒரு கருவியின் இயக்கம்தான். ஆயினும் அதனிடையே அவர் எழுப்பிய ஒரு வினா நம்மைப் பல நாட்கள் உறங்கவிடவில்லை. அவ்வினாவை வாசகர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழுது பார்ப்பவரின் பாடம்

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு வெளியேறும். அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். இவ்வகைத் துப்பாக்கி தென்தமிழகத்துக்குப் புதிதன்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் வகைக் கைத்துப்பாக்கியே.

இதன் இயக்கம் எளியது. பிடிக்குள் செருகப்படும் தோட்டாப் பெட்டியை ‘மேகசின்’ என்பர். அதன் அடியிலுள்ள சுருள்வில் தோட்டாக்களை இடைவிடாது மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். சுட்டவுடன் துப்பாக்கியின் மேற்பகுதியாகிய ‘ஸ்லைடு’ எதிர்விசையால் பின்னே செல்லும். அப்போது ஒரு சிறு கொக்கி வெற்றுக் கூட்டைப் பற்றி இழுக்க, அது வெளியே தெறித்து விழும். ஸ்லைடு முன்னோக்கித் திரும்புகையில், மேகசினின் உதடுகளுக்கிடையே காத்திருக்கும் அடுத்த தோட்டாவைத் தள்ளி, ஒரு சரிவின் வழியே குழலின் பின்னறைக்குள் ஏற்றும். இவை யாவும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் நடந்து முடியும்.

இவ்வளவு விரைவான ஓட்டத்தில் எங்கேனும் ஓரிடத்தில் இசைவு தவறினால் தோட்டா சிக்கிக்கொள்ளும். தோட்டாவின் முனை சரிவில் முட்டி நிற்கலாம். வெற்றுக் கூடு வெளியேறாமல் வாயிலில் புகைபோக்கியைப் போல் நட்டுக்கொண்டு நிற்கலாம். பழைய கூடு அகலுமுன் புதிய தோட்டா வந்து, இரண்டும் ஒன்றையொன்று நெருக்கலாம். மேகசின் முழுமையாகச் செருகப்படாத நிலையில் தோட்டா ஏறாமலே போகலாம்.

காரணம் எங்கே இருக்கிறது? பெரியவர் விரல் மடக்கி எண்ணினார். முதலில் மேகசினைச் சந்தேகிக்க வேண்டும்: சுருள்வில் தளர்ந்திருக்கும், உதடு நசுங்கியிருக்கும், அல்லது உள்ளே தூசி சேர்ந்திருக்கும். அடுத்து தோட்டாவைப் பார்க்க வேண்டும். அதற்கடுத்துத் துப்பாக்கி: சரிவில் கரி படிந்திருக்கும், எண்ணெய் காய்ந்திருக்கும் அல்லது அளவுக்கு மிஞ்சியிருக்கும், கொக்கி தேய்ந்திருக்கும். கடைசியாகச் சுடுகிறவரின் கை: மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுத் தொலைவும் பின்செல்லாமல் திரும்பிவிடும்.

“மேகசினுக்கெல்லாம் எண் போட்டு வைப்போம். சிக்கின மேகசினை வேற துப்பாக்கியில மாட்டிப் பார்ப்போம். சிக்கல் மேகசினோட கூடவே போச்சுன்னா கோளாறு அதுலதான். துப்பாக்கியோட நின்னுருச்சுன்னா கோளாறு துப்பாக்கியில. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும் தம்பி. சிக்கின தோட்டாவை எடுத்துப் போட்டுட்டா பழுது போயிருச்சுன்னு நினைக்கிறவன் ஆர்மரர் இல்ல” என்றார்.

களத்தில் நிற்பவருக்கோ ஆராய நேரமில்லை. எனவே, மேகசினின் அடியில் தட்டு, ஸ்லைடைப் பின்னே இழுத்து விடு, மீண்டும் ஆயத்தமாகு என்று கைக்குப் பழக்கப்படுத்துகிறார்கள். இரண்டு மூன்று நொடிகளில் தடை நீங்க வேண்டும். அதற்கிடையில் எண்ணம் குறுக்கிடலாகாது என்பதே பயிற்சியின் பயன்.

இதைச் சொல்லி முடித்தபின் பெரியவர் சிறிது நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: “தோட்டா சிக்குனதால ஒருத்தன் பொழைச்சான்னு வைங்க. சுடப் பார்த்தவன் கொலைகாரனா இல்லையா?”

சட்டத்தின் தராசு

நாம் நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் இவ்வினாவுக்கு விடை உண்டு. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கொலை முயற்சியை 307-ஆம் பிரிவில் வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 109-ஆம் பிரிவு. அப்பிரிவுக்குச் சட்டம் தரும் விளக்கம் கூர்மையானது. ஒருவரைக் கொல்லும் எண்ணத்தோடு ஒருவன் துப்பாக்கி வாங்கி, அதில் தோட்டாவும் நிரப்புகிறான். அதுவரை அவன் இக்குற்றத்தைச் செய்தவனல்லன். அவரை நோக்கிச் சுடுகிறான். குறி தவறினாலும் அவன் இப்போது குற்றவாளி. முயற்சி பற்றிய பொதுப் பிரிவிலோ மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு: நகையைத் திருடப் பெட்டியை உடைத்துத் திறந்தவன், உள்ளே நகை இல்லாததைக் காண்கிறான். பெட்டி வெறுமையாய் இருந்தது அவனைக் குற்றத்தினின்று விடுவிப்பதில்லை.

ஆயினும் அதே சட்டம் தண்டனையில் வேறுபாடு காட்டுகிறது. கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் சிறை. காயமின்றி முடிந்த கொலை முயற்சிக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை. காயம் ஏற்பட்டால் ஆயுள் சிறை வரை செல்லலாம். விரல் ஒன்றே, விசை ஒன்றே, எண்ணமும் ஒன்றே. முடிவு மட்டும் மூன்று. அம்மூன்றையும் பிரித்தது, சில வேளை, தளர்ந்துபோன ஒரு சுருள்வில்லாகவும் இருக்கலாம்.

இது வெறும் கற்பனை அன்று. 2022 செப்டம்பர் 1 அன்று, அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில், அந்நாட்டின் அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் கிறிஸ்தினா ஃபெர்னாண்டஸ் தம் இல்லத்தின்முன் கூடியிருந்த ஆதரவாளர்களை வாழ்த்திக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒருவன் அவர் முகத்தருகே கைத்துப்பாக்கியை நீட்டி விசையை அழுத்தினான். வெடிக்கவில்லை. மேகசினில் ஐந்து தோட்டாக்கள் இருந்தன. குழலின் பின்னறையில் ஒன்றும் இல்லை. ஐந்து தோட்டாக்களுக்கும் அந்தப் பெண்மணியின் உயிருக்கும் இடையே இருந்த தொலைவு ஒரு விரற்கடை அளவே. தோட்டா ஏறாததை அவன் தன் நல்லொழுக்கக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியுமா?

மனத்தின் கணக்கு

அறநூலார் இவ்வினாவை நெடுங்காலமாகவே எதிர்கொண்டுள்ளனர். வள்ளுவர் களவைப் பற்றிப் பேசும்போது, கை நீளுமுன் உள்ளம் நினைப்பதையே தீமையாக எண்ணினார். மலைப்பொழிவும் கொலையைக் கையிலிருந்து தொடங்காமல் சினத்திலிருந்து தொடங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதை ஒரு தனி வினாவாகவே எடுத்து ஆராய்ந்தார். வாய்ப்புக் கிட்டியிருந்தால் செய்தே முடித்திருப்பான் என்னும் அளவுக்கு ஒருவனுடைய மன உறுதி முழுமை பெற்றிருந்து, புறத்தடையால் மட்டும் செயல் நின்றுபோனால், அந்த நிறுத்தம் அவன் விரும்பியதன்று. விரும்பாத ஒன்று அவன் குற்றத்தைக் குறைக்காது என்பது அவர் முடிவு. அந்தக் காலத்தில் கைத்துப்பாக்கி இல்லை. ஆனால் சிக்கிய தோட்டாவைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

1976-இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலாளர்கள் இதே முடிச்சை வேறு பக்கத்திலிருந்து பற்றினார்கள். குண்டு செல்லும் வழியில் ஒரு பறவை குறுக்கிட்டதால் ஒருவர் பிழைத்துக்கொண்டால், சுட்டவனை நாம் கொலைகாரன் என்பதில்லை. பறவை குறுக்கிடாவிட்டால் அவ்வாறே அழைப்போம். அப்படியானால் ஒருவனுக்கு நாம் இடும் பெயரை முடிவு செய்வது அவன் உள்ளமா, அந்தப் பறவையா? நம் கையில் இல்லாதவற்றுக்காக எவரையும் குறை கூறலாகாது என்று ஒரு பக்கம் ஏற்றுக்கொள்கிறோம். மறுபக்கம், விளைவைப் பார்த்தே தீர்ப்பிடுகிறோம். இம்முரண்பாட்டுக்கு அவர்கள் ‘அறவாழ்வில் நேரும் அதிர்ஷ்டம்’ என்னும் பொருளில் பெயரிட்டார்கள்.

அப்படியெனில், தண்டனையில் வேறுபாடு காட்டும் சட்டம் மூடத்தனமானதா? அவ்வாறு அவசரப்பட்டுச் சொல்ல நாம் விரும்பவில்லை. உள்ளத்தை மட்டும் எடைபோடுவோமானால், கொல்லப்பட்டவரின் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் “உங்களுக்கு நேர்ந்ததும் நேராததும் ஒன்றே” என்று சொல்ல வேண்டிவரும். அது கொடுமை. ஓர் உயிர் எஞ்சியிருப்பதும் எஞ்சாமல் போவதும் உலகில் ஒன்றல்ல. கொன்றவன் மன்னிப்புக் கேட்க யாரிடம் செல்வான்? கல்லறையின்முன் நின்று பேசலாம், பதில் வராது. தோட்டா சிக்கியதால் பிழைத்தவரோ அடுத்த தெருவில் நடமாடுகிறார். அவரிடம் செல்லலாம், அவர் காலில் விழலாம், அவர் கதவைச் சாத்தினால் மறுநாளும் செல்லலாம்.

ஆகவே நம் விடை இரு பகுதிகளை உடையது. சிக்கிய தோட்டா குற்றத்தை நீக்குவதில்லை. ஆனால் காலத்தை அளிக்கிறது. அந்தக் காலம் ஈட்டிய சொத்தன்று, கைமாற்றாக வந்த கடன். கடனாகப் பெற்றதை ஒருவன் என்ன செய்தான் என்பதே இனி அவன் யார் என்பதைச் சொல்லும்.

பத்து நாள் அவகாசம்

இதற்கு நம் நாட்டு வரலாற்றில் அச்சந்தரும் சான்று ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை விளங்கிய குமாரசாமி ராஜா தம் இல்லத்தை வழங்க உருவான காந்தி கலை மன்றம் இராஜபாளையத்தில் இருக்கிறது. எவருடைய பெயரை அம்மன்றம் தாங்கியிருக்கிறதோ அவருடைய கடைசிப் பத்து நாட்களையே குறிப்பிடுகிறோம்.

1948 ஜனவரி 18 அன்று காந்தியடிகள் தில்லியில் தம் கடைசி உண்ணாநோன்பை முடித்திருந்தார். இரண்டு நாட்களுக்குப்பின், ஜனவரி 20 காலையில், அவரைக் கொல்லத் திட்டமிட்டவர்களில் சிலர் இந்து மகாசபை மாளிகைக்குப் பின்புறமிருந்த காட்டில் தங்கள் இரண்டு ரிவால்வர்களையும் சோதித்துப் பார்த்தார்கள். பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய திகம்பர் பாட்கே நீதிமன்றத்தில் சொன்ன செய்தி இது. ஒன்று சரிவர இயங்கவில்லை. மற்றொன்றிலிருந்து புறப்பட்ட குண்டு குறிவைத்த மரத்தை எட்டாமல் இடையிலேயே விழுந்தது. எண்ணெயும் சிறு கத்தியும் வரவழைத்துப் பழுது பார்க்க முயன்றார்கள். அன்று மாலை பிர்லா மாளிகையின் சுவரருகே மதன்லால் பாவா வைத்த வெடி வெடித்தது, எவருக்கும் காயமில்லை. திட்டமிட்ட மற்றவை நடவாமல் கூட்டம் கலைந்தோடியது. மதன்லால் மட்டும் பிடிபட்டார்.

காந்தியடிகள் வழிபாட்டைத் தொடர்ந்தார். அந்த இளைஞன்மீது எவரும் வெறுப்புக் கொள்ளலாகாது, காவலர் அவனைத் துன்புறுத்தலாகாது என்று மறுநாள் கேட்டுக்கொண்டார்.

அன்று தொடங்கிப் பத்து நாட்கள். அவை எல்லாருக்கும் கிடைத்த அவகாசம். காவல் துறைக்குக் கிடைத்தது. அது அந்த நாட்களைத் தவறவிட்டதைக் கபூர் ஆணையம் 1969-இல் விரிவாக எழுதிவைத்தது. கொல்ல வந்தவர்களுக்கும் கிடைத்தது. முதல் முயற்சி முறிந்தது. எவர் உயிரும் போகவில்லை. நின்று திரும்புவதற்கு வழி திறந்திருந்தது. நாதுராம் கோட்சே அந்த நாட்களில் என்ன தேடினார்? சிக்காத ஒரு துப்பாக்கியைத் தேடினார். குவாலியரில் இத்தாலியில் செய்யப்பட்ட பெரெட்டா கைத்துப்பாக்கி ஒன்று கிடைத்தது. ஜனவரி 30 மாலை அது மூன்று முறை வெடித்தது. ஒருமுறையும் தடைப்படவில்லை.

பேருந்தில் பெரியவர் சொன்ன பாடத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். சிக்கல் எதோடு செல்கிறதோ அங்கேதான் கோளாறு. ரிவால்வரை மாற்றினார்கள்; ஆளை மாற்றினார்கள்; நாளை மாற்றினார்கள். மாறாமல் தொடர்ந்தது ஒன்றே ஒன்று, அவர்களுடைய எண்ணம். கருவியின் பழுதை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள், உள்ளத்தின் பழுதை ஒருமுறையேனும் பிரித்துப் பார்த்திருந்தால்! வரலாறு ‘இருந்தால்’ என்னும் சொல்லுக்கு இடங்கொடுப்பதில்லை. ஆனால் மனச்சான்று எப்போதும் அந்தச் சொல்லில்தான் பேசத் தொடங்குகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தடையை நொடியில் நீக்கக் காவலருக்குக் கற்பிக்கிறார்களே, அது தவறா? தவறன்று. பிறர் உயிரைக் காக்கும் கடமையில் நிற்பவர் சுடலாமா என்பதை முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும். முடிவு நேர்மையானதாயின் கை விரைவது கடமையே. ஆனால் சினத்தில் ஆயுதம் ஏந்துகிறவன் எதையும் முடிவு செய்வதற்கு முன்பே கையை விரையவிடுகிறான். அவனுக்கு ஒவ்வொரு தடையும் ஒரு வினா: “மெய்யாகவே செய்யப் போகிறாயா?” தட்டி, இழுத்து, மறுபடியும் நீட்டுகிறவன் அந்த வினாவுக்கு இரண்டாம் முறை ‘ஆம்’ என்கிறான். முதல் ‘ஆம்’ வெறியில் பிறந்தது என்று சொல்லித் தப்பலாம். இரண்டாவதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

பெரியவரின் வினா

பேருந்து ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கியது. தொலைவில் கோபுரம் தெரிந்தது. அப்போதுதான் பெரியவர் தம் வினாவின் வேரைக் காட்டினார். அது துப்பாக்கியைப் பற்றியதே அன்று.

“இருபது வருசத்துக்கு முந்தி, தம்பி. லீவுல ஊருக்கு வந்திருந்தேன். வரப்புத் தகராறு. கூடப் பொறந்தவன் எதிர்ல நிக்கிறான். அரிவாளை ஓங்கிட்டேன். ஓங்குன வேகத்துல பிடி கழண்டு, இரும்பு பின்னால போய் விழுந்துருச்சு. கையில வெறுங்கட்டை. ஊர்ல எல்லாரும், ‘நல்ல வேளை, ஒண்ணும் நடக்கல’ன்னாங்க. எனக்குத்தானே தெரியும், நடந்துருச்சுன்னு.”

“இரும்பைத் திரும்ப எடுக்கவில்லையா ஐயா?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கலாகாதோ என்று வருந்தினோம்.

“ரெண்டு எட்டுல கிடந்துச்சு. எடுத்திருக்கலாம். எடுக்கல. என் பக்கத்துல சொல்லிக்க அது ஒண்ணுதான் இருக்கு” என்றார்.

அந்த நிலத்தைப் பற்றிய வழக்கில் அண்ணனும் தம்பியும் சமரசத்துக்கு இணங்கி, அன்று மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்திட இருந்தார்கள். மஞ்சள் பையைத் தட்டிக் காட்டி அவர் தொடர்ந்தார்: “கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால அவன்கிட்ட இதைச் சொல்லிரணும். ‘பிடி கழண்டதாலதான் நீ இருக்க, என் நல்ல மனசால இல்ல’ன்னு. அதைச் சொல்லாம சமரசம்னா, சிக்கின தோட்டாவை எடுத்துப் போட்டுட்டு மேகசினைப் பார்க்காம விட்ட மாதிரி.”

நாம் மறுமொழி கூறவில்லை, கூற ஏதுமில்லை. அவர் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். தம்பியிடம் சொன்னாரா, தம்பி அதை எவ்வாறு ஏற்றார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அவர் தம் குற்றத்தை அளந்த முறை நமக்குத் தெரியும். ஊர் விளைவைப் பார்த்து விடுதலை அளித்தது. அவர் உள்ளத்தைப் பார்த்துத் தம்மைக் குற்றவாளியாக நிறுத்தினார். அதேவேளை, எடுக்காமல் விட்ட இரண்டடித் தொலைவையும் அவர் மறைக்கவில்லை. அதைப் பெரிதாக்கவும் இல்லை. நேர்மையான ஆன்ம சோதனை என்பது இதுதான் அல்லவா?

நம் கையிலுள்ள தடைகள்

நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டதில்லை; அரிவாளையும் ஓங்கியதில்லை. ஆயினும் நம் வாழ்விலும் தோட்டாக்கள் சிக்கியதுண்டு. ஒருவரின் வேலையைப் பறிக்கும் நோக்கத்தோடு மொட்டைக் கடிதம் எழுதினோம்; அது மேலதிகாரியின் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு குடும்பத்தின் மானத்தைக் கெடுக்கும் சொல்லைச் சொல்லத் தொலைபேசியை எடுத்தோம், இணைப்புக் கிடைக்கவில்லை. ஒருவரை அவமதிக்கவே ஒரு வீட்டு விழாவுக்குச் சென்றோம். அவர் அன்று வரவில்லை. இரவில் நம் நாளை எண்ணிப் பார்க்கும்போது, வெடித்த குண்டுகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். சிக்கியவற்றை எண்ணுவதேயில்லை. எண்ணினால் நாம் நினைத்த அளவுக்கு நல்லவர்கள் அல்லர் என்பது தெரிந்துவிடும்.

பழுது பார்ப்பவரின் முறை இங்கே நமக்கு உதவும். ஒரு சச்சரவு அண்ணன் வீட்டில் மூண்டால் அண்ணன்மீது குற்றம் காண்கிறோம். அலுவலகத்தில் மூண்டால் மேலாளர்மீது. பங்கில் மூண்டால் பங்கு மக்கள்மீது. இடத்தை மாற்றுகிறோம், ஆட்களை மாற்றுகிறோம், சச்சரவோ நம்மைத் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கிறது. எங்கே சென்றாலும் கூடவே வருவது எதுவோ அதில்தான் கோளாறு என்று ஒப்புக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும். பழுது பார்க்கத் தொடங்குமுன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொள்வது ஆர்மரரின் முதல் விதி. நாமும் சினம் நிரம்பியிருக்கும்போது நம்மை ஆராயத் தொடங்கினால் பிறர்மேல்தான் வெடிப்போம். முதலில் அதை இறக்கி வைக்க வேண்டும்.

தற்செயலாக வரும் தடைகளை மட்டும் நம்பியிருப்பதும் அறிவுடைமையன்று. நல்ல சமூகம் தடைகளைத் தானே படைக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க இடங்கொடுப்பதில்லை. தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு அதிகாரிகள் கேட்கிறார்கள். இவை தொல்லை என்று சிலர் முணுமுணுக்கலாம். ஆனால் மனிதனின் வெறிக்கும் அவன் கைக்கும் இடையே ஒரு தொலைவை உண்டாக்குவதே இவற்றின் பொருள். அதைப்போல் குடும்பத்திலும் தடைகளை நாமே அமைத்துக்கொள்ளலாம்: எழுதிய கடிதத்தை ஓர் இரவு மேசையிலேயே விட்டுவைப்பது, பாகப்பிரிவினைப் பேச்சைப் பொழுது சாய்ந்தபின் தொடங்காதிருப்பது, இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் இல்லாமல் வரப்பில் கால் வைக்காதிருப்பது. இவை சிறியவைதாம். தளர்ந்த சுருள்வில்லும் சிறியதுதான். அது ஓர் உயிரைக் காத்துவிடுகிறது.

தோட்டா சிக்கியதால் பிழைத்தவர் இறைவனுக்கு நன்றி சொல்வார், அது இயல்பு. அதே நன்றியை, அவரைவிட மிகுதியாக, சுட முயன்றவன் சொல்லக் கடமைப்பட்டவன். அவனுக்குக் காக்கப்பட்டது பிறர் உயிர் மட்டுமன்று. திரும்பி வருவதற்கான வழியும் காக்கப்பட்டது. அந்த வழியில் அவன் நடக்கத் தொடங்கும்வரை, அவன் கையிலிருப்பது இன்னும் தோட்டா நிரம்பிய துப்பாக்கியே.

நம் வாழ்வில் சிக்கி நின்றவை எவை என்று இன்றிரவு எண்ணிப் பார்ப்போம். அவற்றில் ஏதேனும் ஒன்றின் எதிரே நின்றவர் இன்னும் உயிரோடு, இன்னும் நடந்து செல்லும் தொலைவில் இருப்பாராயின், நமக்கு அவகாசம் இருக்கிறது. பேருந்து அரை மணி நேரத்திற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.